வீடு வளவின் பெறுமதியை அறிதல்

யாழ்ப்பாணத்திலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் காணி என்பது வெறும் மண் அன்று. மகளுக்குச் சீதனமாவதும், மகனின் படிப்புக்காக ஈடு வைக்கப்படுவதும், முதுமையில் ஊன்றுகோலாவதும் அதுவே. ஆயினும், "உங்கள் வீடு வளவு இன்று எவ்வளவு பெறும்?" என்று வினவினால் திட்டமாக விடை கூறவல்லார் மிகச் சிலரே. ஒருவர் உறுதியில் எழுதப்பட்ட தொகையைக் காட்டுவார். மற்றொருவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்ட விலையைச் சொல்வார். இன்னொருவர் தாம் கட்டிடத்துக்குச் செலவிட்ட பணத்தைக் கணக்கிடுவார். இவை மூன்றும் வெவ்வேறு தொகைகள். இவற்றுள் ஒன்றேனும் உண்மைப் பெறுமதியாக இராதிருத்தலும் கூடும்.

அவ்வாறாயின் பெறுமதி என்பது யாது? 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இதற்குத் தெளிவான வரைவிலக்கணம் தருகின்றது. விருப்பத்துடன் விற்கும் ஒருவர் திறந்த சந்தையில் விற்றால், குறித்த நாளில் அக்காணிக்குக் கிடைக்குமென எதிர்பார்க்கத்தக்க தொகையே சந்தைப் பெறுமதி. இவ்வரையறையில் மூன்று கருத்துக்கள் அடங்கியுள்ளன. விற்பவர் நெருக்கடியில் இருத்தல் ஆகாது. சந்தை எல்லோருக்கும் திறந்திருத்தல் வேண்டும். நாள் குறிக்கப்படல் வேண்டும். நாளும் நோக்கமும் குறியாத பெறுமதி, அளவு குறியாத துணியை ஒக்கும்.

ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த நாரந்தனையில் இவ்வினா மிகுந்த சிக்கலுடையது. 1990 ஆம் ஆண்டளவில் மூண்ட போரினால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். சிலர் யாழ்ப்பாண நகரிலும், சிலர் கொழும்பிலும், பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறினர். திரும்பி வந்தோர் வீட்டில் விளக்கெரிய, அயல் வளவு வடலி மண்டிக் கிடப்பதைக் காணலாம். கொள்வோரும் விற்போரும் நாள்தோறும் கூடும் இடத்தில் விலை தானாகவே வெளிப்படும். கைமாற்றம் அரிதாகிய ஊரிலோ அதனைத் தேடிக் காணுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்க. நாரந்தனையில் நான்கு பரப்பு வளவும் ஒரு கல்வீடும் உடைய தாயார் காலமானார். மணமாகாத மூத்த மகள் அவ்வீட்டிலேயே இருந்து தாயாரைக் கடைசிவரை பேணியவர். தம்பியர் இருவரும் கனடாவில் உள்ளனர். ஆதனம் மூவருக்கும் சம பங்காகச் சேர்ந்தது. தம்பியர் தம் பங்குகளை விற்க எண்ணுகின்றனர். தமக்கையோ அவற்றைத் தாமே வாங்கி வீட்டில் நிலைத்திருக்க விரும்புகின்றார். விலை மிகுதியாகக் குறிக்கப்பட்டால் தமக்கை வீட்டை இழப்பார். குறைவாகக் குறிக்கப்பட்டால் "அக்கா எங்களை ஏமாற்றிவிட்டார்" என்ற சொல் பிறக்கும். ஒரு தொகையிலே ஒரு குடும்பத்தின் உறவு தங்கியிருக்கின்றது.

இவர்கள் முதலிற் செய்யத்தக்கது விலை பேசுவதன்று. உறுதியையும் அளவையும் சரிபார்ப்பதே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நிறைவேற்றப்படல் வேண்டும். போரில் உறுதியை இழந்தவர்கள் காணிப் பதிவகத்தில் உரிய பதிவைத் தேடி, உறுதிப்படுத்திய பிரதி பெற முயலலாம். காணி ஈட்டில் உள்ளதா, ஒற்றியில் உள்ளதா, வேறெவரேனும் உரிமை பதிந்துள்ளனரா என்பனவும் அப்பதிவேட்டிலே தெரியவரும். உரித்துத் தெளிவில்லாத காணிக்குப் பக்கத்து வளவின் விலை ஒருபோதும் கிடையாது.

அளவிலும் கவனம் வேண்டும். பழைய உறுதிகளிற் காணப்படும் பரப்பு இரு வகைப்படும். வரகு விதைப்பைக் கொண்டு கணித்த பரப்பு பதினெட்டுக் குழி கொண்டது. அது 10 பேர்ச்சஸ், அதாவது 2,722.5 சதுர அடி ஆகும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைப்பைக் கொண்டு கணித்த பரப்பு வேறு அளவினது. இவ்விரண்டையும் மயங்கிக் கொண்டால் கணக்கு முழுவதும் பிழைபடும். மேலும், எல்லையிற் பெயர் குறிக்கப்பட்டவர்கள் காலமாகிவிட்டனர். வேலியிலே நின்ற கதிகால்கள் பட்டுப்போயின. ஆதலின் அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளப்பித்துப் படம் வரைவித்தல் வீண் செலவன்று.

அடுத்தது, பெறுமதியைக் காணும் வழி. விலைமதிப்பாளர் பெரும்பாலும் மூன்று வழிகளைக் கையாள்வர். ஒத்த காணிகள் விலைப்பட்ட தொகையை நோக்குதல் ஒன்று; நிலத்தின் விலையோடு கட்டிடத்தின் இன்றைய பெறுமதியைக் கூட்டுதல் மற்றொன்று; வாடகை வருமானத்திலிருந்து கணித்தல் மூன்றாவது. வீட்டுச் சொந்தக்காரரும் இவற்றைத் தாமே ஓரளவு செய்து பார்க்கலாம். பின்வரும் தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காகக் கற்பித்தவை. ஊரின் விலை என எவரும் கொள்ளற்க.

அண்மையில் அயலில் மூன்று காணிகள் கைமாறின எனக் கொள்க. முதலாவது பெருவீதியோரத்தது, பரப்பு ஐந்து இலட்சம் ரூபா. இரண்டாவது ஒழுங்கைக்குள் உள்ளது. பரப்பு மூன்று இலட்சம். மூன்றாவது ஒரு இலட்சத்துக்குக் கைமாறியது. ஆனால் அது மாமனார் மருமகனுக்கு எழுதிக் கொடுத்தது. உறவினருக்குள் நிகழ்ந்த கைமாற்றம் திறந்த சந்தை ஆகாதாகையால், அதனை நீக்கிவிடுதல் வேண்டும். தாயாரின் வளவும் ஒழுங்கைக்குள்ளேதான் உள்ளது. ஆனால் அங்கே நன்னீர்க் கிணறு ஒன்றுண்டு. சுண்ணக்கல் நிலமாகிய தீவகத்தில், மழைநீர் நிலத்தடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே தங்குகின்றது. ஒரு கிணறு நன்னீராயிருக்கச் சிறிது தொலைவிலுள்ள கிணறு உவராயிருத்தல் இங்கே இயல்பு. எனவே நன்னீர்க் கிணறு ஒரு செல்வம். அதனைக் கருதிப் பரப்பு மூன்றரை இலட்சம் என மதித்தால், நான்கு பரப்புக்கும் பதினான்கு இலட்சம் ஆகின்றது.

கைமாற்ற விலைகளை எங்கே அறிவது? நொத்தாரிசுமார் தாம் நிறைவேற்றிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை மாதந்தோறும் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். எனினும் உறுதியில் எழுதிய தொகை முழுவதும் உண்மையென நம்பிவிடலாகாது. முத்திரை வரியைக் குறைக்கும் பொருட்டு விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நம் நாட்டிற் புதிதன்று. அதனால், கிராம அலுவலரிடமும், அனுபவமுள்ள நொத்தாரிசிடமும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மூன்று தரகரிடமும் விசாரித்து ஒப்பிடுதல் நன்று. தரகர் கூறும் விலை, கேட்கப்படும் விலையா, பணம் கைமாறிய விலையா என்பதையும் தெளிதல் வேண்டும்.

இனிக் கட்டிடம். வீடு ஆயிரம் சதுர அடி எனவும், அத்தகைய வீட்டை இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு எண்ணாயிரம் ரூபா செல்லும் எனவும் கொண்டால், எண்பது இலட்சம் வருகின்றது. ஆயின் வீடு பழையது. கூரை மரங்கள் பழுதடைந்தன. உப்புக் காற்றினாற் கம்பிகள் துருவேறின. இவற்றுக்காக நூற்றுக்கு அறுபத்தைந்து கழித்தால் இருபத்தெட்டு இலட்சம் எஞ்சும். நிலத்தையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு இலட்சம்.

வாடகை வழியாக நோக்கினால் வேறு தொகை வரும். மாத வாடகை பதினையாயிரம் எனின் ஆண்டுக்கு ஒரு இலட்சத்து எண்பதினாயிரம். திருத்தச் செலவுக்கும், வரிக்கும், வீடு வெறுமையாயிருக்கும் காலத்துக்கும் முப்பதினாயிரம் கழித்தால் ஒன்றரை இலட்சம் மிஞ்சும். வாங்குபவர் தம் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வருமானம் எதிர்பார்ப்பாராயின், அவர் கொடுக்க இசைவது முப்பது இலட்சமே.

நாற்பத்திரண்டுக்கும் முப்பதுக்கும் இடையே பன்னிரண்டு இலட்சம் வேறுபாடு. இவ்வேறுபாடு கணக்கின் குற்றமன்று. ஊரின் நிலையைக் காட்டுவது. கட்டச் செலவான பணம் முழுவதும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. குடிகள் குறைந்த ஊரில் மாடி வீட்டை வாங்க வருவோரும் குறைவர். அன்றியும், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைப் பெரிதும் கட்டுப்படுத்துகின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்குத் தடையில்லை. இலங்கைக் குடியுரிமையைக் கைவிட்டுப் பின்னர் பெறாதவர், ஊரிற் பிறந்தவராயினும், வாங்கும்போது இடர்ப்படுவர். கடற்கரையை அண்டிய காணியாயின் மற்றொன்றும் உண்டு. உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயத்துள் அடங்குவதால், அங்கே கட்டிடம் எழுப்ப அனுமதி வேண்டும்.

இந்நிலையில் உதவுபவரே தகுதி பெற்ற விலைமதிப்பாளர். இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகம் 1975 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினரை நாடுதல் நலம். அரசாங்க விலைமதிப்புத் திணைக்களம் பெரும்பாலும் அரச தேவைகளுக்காகவே மதிப்பிடும். வங்கிகள் கடனுக்காக மதிப்பிடுவிக்கும்போது, சந்தைப் பெறுமதியோடு கட்டாய விற்பனைப் பெறுமதி என இன்னொரு தொகையும் குறிக்கப்படுவதுண்டு. அவசரமாக விற்றாற் கிடைக்கும் அத்தாழ்ந்த தொகையைப் பாகப் பிரிவினைக்குக் கொள்வது பிழை. தமக்கை ஒரு மதிப்பாளரையும் தம்பியர் வேறொருவரையும் அமர்த்துவதிலும், மூவரும் ஒருங்கே ஒருவரை அமர்த்தி, கூலியை முன்னரே பேசி, நோக்கத்தையும் நாளையும் எழுத்திற் கொடுத்து, எக்காணிகளுடன் ஒப்பிட்டார் என்பதை அறிக்கையிற் காட்டுமாறு கேட்பது சிறந்தது.

வரிக்குரிய பெறுமதிகளையும் பிரித்தறிதல் வேண்டும். சோலைவரி எனப்படும் ஆதனவரி, வீட்டின் விற்பனை விலையைப் பற்றியதன்று. ஓராண்டு வாடகைக்கு விட்டால் வரத்தக்க தொகையாகிய ஆண்டுப் பெறுமதியைப் பற்றியது. கைமாற்ற முத்திரை வரி மாகாணத்துக்குரியது. எழுதிய தொகை சந்தைப் பெறுமதியிலும் குறைந்ததெனத் தோன்றினால் வினா எழும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டிறைவரிச் சட்டத்தால் மூலதன இலாபத்துக்கு 2018 ஏப்பிரில் முதல் மீண்டும் வரி விதிக்கப்பட்டது. 2017 செப்ரெம்பர் 30 ஆம் நாளில் ஒருவர் கையிலிருந்த காணிக்கு அந்நாளின் சந்தைப் பெறுமதியே அடக்க விலையாகக் கொள்ளப்படும். ஆதலின் அந்நாளுக்குரிய மதிப்பறிக்கை ஒன்றும் பயன்படக்கூடும்.

தேசவழமையை மறத்தலும் ஆகாது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட காணியிற் பிரியாத பங்கொன்றை விற்க எண்ணுபவர் அதனைப் பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும். முதலில் வாங்கும் உரிமை அவர்களுடையது. தம்பியர் அற்றோணித் தத்துவம் கொடுத்துப் பிறரைக் கொண்டு விற்பித்தாலும் தமக்கையின் இவ்வுரிமை அழியாது. ஆயின் உரிமை இருந்தும், கேட்கப்படும் விலை நியாயமானதா என்பதை அறியாதவர் அதனைப் பயன்படுத்துவது எங்ஙனம்? உடன்பாடு காணாவிடின் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். அங்கும் மதிப்பீடே அடிப்படை. ஆனால் ஆண்டுகள் பல கழியும், செலவும் பெருகும்.

மேற்கூறிய எடுத்துக்காட்டில், ஒவ்வொரு தம்பியின் பங்கும் பத்து இலட்சத்துக்கும் பதினான்கு இலட்சத்துக்கும் இடைப்பட்டது. அவ்வெல்லை தெரிந்தபின் மூவரும் பேச இடமுண்டு. தமக்கை தாயாரைப் பேணிய ஆண்டுகளைக் கருதித் தம்பியர் விட்டுக்கொடுக்கவும் கூடும். ஆனால் விட்டுக்கொடுப்பவர் எவ்வளவை விட்டுக்கொடுக்கின்றார் என்பதை அறிந்து கொடுத்தால்தான் அது கொடையாகும். அறியாது இழந்தது பின்னொரு நாள் மனக்குறையாகவே முளைக்கும். உறுதியைத் தேடி, நிலத்தை அளந்து, விலைகளை ஒப்பிட்டு, தக்கவரைக் கொண்டு மதிப்பிட்டபின் பேச அமரும் குடும்பத்தில், வேலி பிரிந்தாலும் உறவு பிரியாது.