மக்கள் தீர்ப்பும் தூதர்களின் ஜனநாயகமும்

(திருவனந்தபுரம் தம்பானூரில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிற நாடுகளில் ஜனநாயகத்தை வளர்ப்பதும் தங்கள் தூதர்களின் கடமை என்று ஏகாதிபத்திய வல்லரசுகள் கூறிவருகின்றன. இக்கூற்றை உரசிப் பார்க்க இந்நகரைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை.

1957 ஏப்ரல் 5 அன்று இங்குதான் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அரசு பதவியேற்றது. வாக்குப் பெட்டியின் வழியே வந்த அரசு அது. ஒரு வாரத்திற்குள்ளாகவே, குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை விதித்தது. கல்விச் சட்டமும் நில உறவு மசோதாவும் தொடர்ந்தன. 1959 ஜூலை 31 அன்று, அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த அரசு கலைக்கப்பட்டது.

அமெரிக்கத் தூதரகம் என்ன செய்துகொண்டிருந்தது? பிற்காலத்தில் டெல்லியில் தூதராகப் பணியாற்றிய டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், 1978இல் வெளியான தமது நூலில் இதற்கு விடை தந்தார். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்ட் வெற்றியைத் தடுக்க, காங்கிரஸ் கட்சிக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது என்று எழுதினார். இந்திரா காந்தி அதை மறுத்தார். ஆனால் எழுதியவர் நம் தோழர் அல்லர், அமெரிக்காவின் தூதர்!

கலைப்புக்கு அந்நியப் பணம் மட்டுமே காரணம் என்று கூறி, உள்நாட்டு நிலப்பிரபுக்களையும் சாதி, மதத் தலைமைகளையும் மத்திய ஆட்சியாளர்களையும் நாம் விடுவித்துவிட முடியாது. அவர்கள் மூட்டிய தீக்கு அது எண்ணெய் வார்த்தது. 1954இல் குவாதமாலாவிலும் இதே கதைதான். நிலச் சீர்திருத்தம் ஓர் அமெரிக்கப் பழ நிறுவனத்தின் நிலங்களைத் தொட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அர்பென்ஸ் அரசு கவிழ்க்கப்பட்டது. அதில் அமெரிக்கத் தூதரே முன்னின்றார்.

உள்நாட்டு விவகாரங்களில் தூதர்கள் தலையிடக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை விதிக்கிறது. அப்படியானால் தூதர்கள் அநீதியைக் கண்டு மௌனம் காக்க வேண்டுமா? இல்லை. நிறவெறிக்கு எதிராக 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தக உறவைத் துண்டித்த நாடு இந்தியா. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த நாடு. போராடும் மக்களுக்குத் துணை நிற்பது வேறு. அவர்களுக்காக ஆட்சியைத் தேர்ந்தெடுப்பது வேறு. அந்த மரபைக் கைவிட்டு, வாஷிங்டனின் நிழலில் ஒதுங்கும் இன்றைய வெளியுறவுக் கொள்கையை நாம் எதிர்த்தாக வேண்டும்.

தோழர்களே, 1960 தேர்தலில் கட்சியின் இடங்கள் குறைந்தன. வாக்குகளோ 35 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக உயர்ந்தன. 1970 ஜனவரி 1 அன்று கேரளத்தில் ஜன்மி முறை ஒழிந்தது. எந்தத் தூதரகமும் அதை நமக்குப் பரிசளிக்கவில்லை. உழுதவர்கள் போராடிப் பெற்றார்கள். ஜனநாயகம் வளர்வது அவ்வாறுதான்!