ஆற்றலும் நம்பிக்கையும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்தப் பத்தாண்டுகளில் புதியவர் பலர் தம் முதற் கவிதையை நம் அவையில் வாசித்தனர். அவர்களுள் சிலர் இன்று நூலாசிரியர்கள்; சிலர் இரண்டாம் கவிதையோடு நின்றுவிட்டனர். நின்றவரெல்லாம் ஆற்றல் குன்றியவர்தாமா? இவ்வினாவுக்கு உளவியல் தரும் விடையை இங்கு முன்வைக்க விழைகிறேன்.

கனடாவில் 1925இல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2021இல் மறைந்தவர் ஆல்பர்ட் பண்டூரா. ஒரு செயலைத் தன்னால் முடிக்க இயலும் என்னும் நம்பிக்கையே, ஒருவர் அதைத் தொடங்குவாரா, எவ்வளவு உழைப்பார், இடர் வந்தால் எதுவரை தளராதிருப்பார் என்பவற்றைப் பெரிதும் முடிவுசெய்கிறது என்று அவர் 1977இல் எழுதினார். இது தன்மதிப்பு அன்று. தம்மை மிக உயர்வாக எண்ணுபவரும் ஒரு வெண்பா இயற்ற அஞ்சலாம். இந்நம்பிக்கை செயலுக்குச் செயல் வேறுபடுவது.

இது எவ்வாறு பிறக்கிறது? நான்கு ஊற்றுகளை அவர் சுட்டினார்: தானே செய்து பெற்ற வெற்றி, தன்னையொத்தவர் செய்யக் காணல், பிறர் தரும் ஊக்கமொழி, தன் உடலும் உள்ளமும் உணரும் நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. பாம்புக்கு அஞ்சி நடுங்குவோரை அவர் ஆராய்ந்தார். பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தவர்க்கும் நம்பிக்கை வளர்ந்தது. துணையோடு படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகியவர்க்கோ அது மேலும் ஓங்கி வளர்ந்தது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. நாம் புதியவர்க்கு வழங்குவது பெரும்பாலும் மூன்றாவதாகிய ஊக்கமொழி மட்டுமே. கைதட்டல் இனியது, ஆயினும் அடுத்த தோல்வியில் அது கரைந்துவிடும். எளிதில் கிட்டிய பாராட்டுக்குப் பழகியவர் முதற் கண்டனத்திலேயே எழுதுகோலை வைத்துவிடுவர். ஆகவே, 'நன்று' என்பதோடு நில்லாமல், இரண்டு அடிகளைச் சுட்டி, 'இவற்றைத் திருத்தி அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்' என்போம். திருத்தி வெல்வது அவருடைய சொந்த வெற்றியாகும்.

மூத்த கவிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எளிதாகச் செய்து காட்டும் வல்லுநரைக் காட்டிலும், இடர்ப்பட்டு முயன்று வெல்பவரைக் காண்பதே அஞ்சுவோர்க்கு மிகுதியும் பயன் தருகிறது என்பதும் பண்டூரா சுட்டிய உண்மை. அச்சேறிய கவிதையைக் காட்டுவதோடு, அடித்தும் திருத்தியும் எழுதிய முதற்படியையும் இளையோர்க்குக் காட்டுங்கள். மேடையில் கை நடுங்குவது ஆற்றலின்மைக்கு அடையாளம் அன்று என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

நம்பிக்கை மட்டுமே கவிதையாகிவிடுமா? ஆகாது. திறன் இல்லாதவிடத்து நம்பிக்கை தனித்து நின்று செயலை முடிக்காது என்பதைப் பண்டூராவும் தெளிவுறுத்தினார். வள்ளுவர் ஊக்கமுடைமையோடு வலியறிதலுக்கும் தனி அதிகாரம் வகுத்தார். யாப்பறிவும் சொல்வளமும் பயிற்சியால் வருபவை. அப்பயிற்சியில் நிலைத்திருக்கச் செய்வது நம்பிக்கை.

வரும் ஆண்டுகளில், இரண்டாம் கவிதையோடு நின்றவர்களைத் தேடிச் சென்று மீண்டும் இவ்வவைக்கு அழைப்போம். மூன்றாம் கவிதையை எழுதச் செய்வோம்.