உழைப்பு மட்டும் போதுமா? சாயப்பட்டறைகள் சொல்ற டீம் பாடம்

வீரபாண்டியில இருந்து பேசுறேன்.

எங்க ஊர்ல "ஜெயிக்க என்ன குணம் வேணும்?"னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: உழைப்பு. சும்மா சொல்றது இல்லைங்க. பனியன் கம்பெனியில தொழிலாளியா சேர்ந்து, தொழில் கத்துக்கிட்டு, சொந்தமா நாலு மிஷின் போட்டு முதலாளி ஆனவங்க இங்க நிறைய பேர். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இவங்களைப் பத்தியே 'ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்'னு 2004-ல ஒரு புத்தகம் எழுதியிருக்கார்.

ஆனா 2011 ஜனவரியில என்ன நடந்தது? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால திருப்பூர்ல 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமா மூடப்பட்டன. துணியைச் சாயம் போட வெளியூருக்கு அனுப்ப வேண்டிய நிலை. பட்டறையை நம்பியிருந்த தொழிலாளிகளுக்கு வேலை போச்சு. அவங்க எல்லாம் உழைக்காதவங்களா?

காரணம் உப்பு. காட்டன் துணியில சாயம் ஏற நிறைய உப்பு வேணும். கழிவுத் தண்ணியில நிறத்தை எடுத்தாலும் கரைஞ்ச உப்பு போகாது. அது நொய்யல்ல கலந்து, பாசனத்துக்காகக் கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில தேங்குச்சு. கீழே இருந்த விவசாயிகளோட நிலமும் கிணறும் கெட்டுச்சு. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2009-ல உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம்தான் நின்னுச்சு.

ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியா பார்த்தா கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும்: சுத்திகரிப்புச் செலவு மிச்சம், ஆர்டர் டைமுக்குப் போகுது. ஆனா எல்லாரும் அதே கணக்கைப் போட்டா ஆறு செத்துடும். நம்ம ஐடி பாஷையில சொன்னா, "என் லேப்டாப்ல ஓடுது, மத்தது என் பிரச்சனை இல்ல"ங்கிற மனநிலை.

அதுக்கப்புறம் பட்டறைகள் திறந்தது ஒரு சொட்டு கழிவும் வெளியே விடாத முறையில. வீரபாண்டி உட்பட பல இடங்கள்ல இருக்கிற பொது சுத்திகரிப்பு நிலையங்கள்ல ஆர்ஓ வழியா தண்ணியைப் பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் எடுக்குறாங்க. ரெண்டும் திரும்பச் சாயத்துக்கே போகுது.

இதுல நமக்கு மூணு பழக்கம் இருக்கு.

ஒண்ணு, அளக்குறது. ஒவ்வொரு பட்டறையும் எவ்வளவு தண்ணி அனுப்பலாம்னு அளவு உண்டு. "நல்லாத்தான் போயிட்டிருக்கு"ங்கிறது அளவு இல்ல. உங்க டீம்ல வேலை எங்க தேங்குதுன்னு நம்பர்ல தெரியுதா?

ரெண்டு, முன்னாடியே சொல்றது. பைப் பொதுவானது. ஒருத்தர் அதிகமா அனுப்புனா எல்லாருடைய பிளான்ட்டும் திணறும். உங்க மாட்யூல் வெள்ளிக்கிழமை முடியாதுன்னா புதன்கிழமையே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னா அது தகவல் இல்ல, அதிர்ச்சி.

மூணு, கண்ணுக்குத் தெரியாத செலவை ஏத்துக்கிறது. சுத்திகரிப்புச் செலவு டி-ஷர்ட்ல தெரியாது. டெஸ்ட் எழுதுறது, டாக்குமென்ட் பண்றது, புதுசா வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிறது இதெல்லாம் டெமோவுல தெரியாது. அதை ஒரே ஆள் தலையில கட்டாம பங்கு போட்டுக்கிற டீம்தான் ரொம்ப நாள் நிக்கும்.

எல்லாம் சரியாகிடுச்சான்னா, இல்லைங்க. மழை பெய்யுறப்போ ஆத்துல சாயத்தண்ணி விட்டாங்கன்னு இன்னும் செய்தி வருது. ஒழுங்கா செலவு பண்றவருக்குத்தான் அது வலிக்கும். அவரோட விலை கூடுது, பேரும் சேர்ந்து கெடுது. டீம்லயும் இதேதான். தப்பைக் கண்டுக்காம விட்டா, நல்லா வேலை செய்யறவர்தான் முதல்ல பேப்பர் போடுவார்.

உழைப்பு உங்களை மேல கொண்டு வரும். நீங்க விடுற தண்ணி யாரோட கிணத்துக்குப் போகுதுன்னு பார்க்கிற பழக்கம்தான் எல்லாரையும் சேர்த்து நிறுத்தும். இந்த வாரம் உங்க டீம்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "என் வேலையால உங்களுக்கு எங்க சுமை ஏறுது?" வர்ற பதிலை எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.