பெற்றது ஐந்து, இருப்பது நான்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "தம்பி, பாலம் கட்டுறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். பாலத்தைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடப் பெரியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நூறு வருஷத்துக்கு முன்பே இறந்துபோன ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் என் சொந்தக்காரர் இல்லை. நம் ஊர்க்காரரும் இல்லை. ஆனால் அவரைத் தேடப் போய்த்தான் என் வீட்டு விஷயம் ஒன்று எனக்குத் தெரியவந்தது.

கம்பெனி வேலையாக இரண்டு வருடம் குடும்பத்தோடு அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரில் இருந்தேன். என் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி நூலகத்திலிருந்து 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தாள். லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதி 1935-இல் வெளிவந்தது. தன் சின்ன வயதில் அப்பா, அம்மா, அக்காவோடு மாட்டு வண்டி மாதிரி கூண்டு போட்ட குதிரை வண்டியில் புல்வெளிக்குக் குடியேறிய கதை. மகள் கேட்டாள்: "அப்பா, இந்த வீடு நிஜமா எங்கே இருந்துச்சு? போய்ப் பார்க்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை டிரைவ் போகலாம் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். ஆறு மாதம் ஓடிவிட்டது. வீட்டுக்காரி, "ஆபீஸ் வேலையைக்கூட இவ்வளவு சிரத்தையாப் பார்க்கலையே" என்றாள்.

புத்தகத்தில், வீடு இன்டிபென்டன்ஸ் என்ற ஊரிலிருந்து நாற்பது மைல் என்று வரும். அந்தக் கணக்கை நம்பி லாராவே பின்னாளில் ஓக்லஹோமா பக்கம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. விடை இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, 1870-ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கு. அதில் இந்தக் குடும்பம் கான்சாஸ் மாநிலம் மான்ட்கோமரி கவுண்டியில் இருக்கிறது. இன்னொன்று, குடும்ப பைபிள். நம் வீடுகளில் பஞ்சாங்கத்தின் ஓரத்திலோ ஜாதக நோட்டிலோ பிறந்த நாள் குறிப்போம் இல்லையா, அவர்கள் பைபிளின் வெற்றுப் பக்கங்களில் குறிப்பார்கள். மூன்றாவது பெண் கேரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 3, மான்ட்கோமரி கவுண்டி, கான்சாஸ் என்று அதில் இருக்கிறது. உண்மையான இடம் இன்டிபென்டன்ஸிலிருந்து பதின்மூன்று மைல்தான்.

புத்தகத்தில் கைக்குழந்தை கேரி வண்டியிலேயே கூட வருகிறாள். பைபிளோ, அவள் பிறந்ததே அங்கேதான் என்கிறது. லாராவுக்கு அப்போது வயது மூன்று. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருந்துவிடப் போகிறது? அந்த நினைவுகளில் பெரும்பகுதி அப்பா அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நிலம் ஓசேஜ் பழங்குடி மக்களுடையது. குடியேறியவர்களுக்கு அங்கே சட்டப்படி உரிமை கிடையாது. 1871-இல் குடும்பம் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு லாராவைவிட அவர் அம்மா மேல் அக்கறை வந்தது. அவர் பெயர் கேரொலின் க்வைனர். 1839 டிசம்பர் 12-இல் விஸ்கான்சினில் பிறந்தவர். ஐந்து வயதில் தகப்பனை இழந்தவர். ஏரியில் கப்பல் மூழ்கி அவர் இறந்தார். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூட ஆசிரியை. 1860 பிப்ரவரி 1-இல் சார்லஸ் இங்கல்ஸை மணந்தார். அண்ணன் ஹென்றி சார்லஸின் சகோதரியைக் கட்டினார். தங்கை எலைசா சார்லஸின் சகோதரனைக் கட்டினார். ஒரே இரண்டு வீட்டுக்குள் மூன்று கல்யாணம்! பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாணவர்களுக்காக, இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-இலிருந்து அடிமைகளாக இல்லாத ஒவ்வொருவர் பெயரும் வந்தது. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்ற கட்டம் 1880-இல்தான் சேர்ந்தது. 1890 கணக்கின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் போயிற்று. தனிநபர் விவரம் எழுபத்திரண்டு வருடம் கழித்துத்தான் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1950 கணக்கு 2022-இல் திறக்கப்பட்டது.

பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். கல்யாணம் ஆனதும் பெயரின் பின்பாதி மாறிவிடும். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் நிலம், ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் சொந்தம். குடும்பத் தலைவரோ 21 வயதானவரோ விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும்கூடக் கேட்கலாம். ஆனால் புருஷன் இருக்கும் பெண் பொதுவாகத் தன் பெயரில் கேட்க முடியாது. பால் கறந்து, தோட்டம் போட்டு, வெண்ணெய் கடைந்து, துணி தைத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கணக்கெடுப்புத் தாளில் தொழில் கட்டத்தில் எழுதச் சொன்னது என்ன தெரியுமா? 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்'.

நம் சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? டியோடலைட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் பத்து நாள். எங்கள் பேட்ச் டிராவர்ஸ் கடைசி ஸ்டேஷனுக்கு வந்தபோது மூன்றரை அடி இடித்தது. நாங்கள் கமுக்கமாக ஃபீல்டு புக்கில் எண்களை மாற்றிச் சரிக்கட்டினோம். சார் வந்து பார்த்தார். "கணக்கு அழகா மூடுது. அதனாலதான் சந்தேகப்படறேன். போய்த் திரும்ப அளங்கடா" என்றார். வெயிலில் திரும்ப அளந்தோம். தப்பு நாலாவது ஸ்டேஷனில் இருந்தது.

லாராவின் புத்தகங்களும் அப்படித்தான் அழகாக மூடிக்கொள்கின்றன. மின்னசோட்டா வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது 1879 வந்துவிடுகிறது. நடுவில் சில வருடங்களைக் காணோம். ஏன்?

ஆவணங்களை வரிசையாக வைத்தால் தெரிகிறது. 1870-களின் நடுவில் மின்னசோட்டாவில் வெட்டுக்கிளிப் படையெடுப்பு. முற்றிய கோதுமையைத் தின்று, முட்டையிட்டு, அடுத்த வருடமும் தின்றன. 1875 நவம்பர் 1-இல் கேரொலினுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சார்லஸ் ஃப்ரெடரிக்; வீட்டில் ஃப்ரெடி. பிரசவம் ஆகி மாதம் முடியவில்லை, நவம்பர் 30-இல் அவர் கணவர் ரெட்வுட் கவுண்டி அதிகாரி முன்னால் தன்னிடம் எந்த வசதியும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு நிவாரண மாவு வாங்கியிருக்கிறார். இரண்டு அரைப் பீப்பாய். அடுத்த வருடம் ஊரை விட்டுப் புறப்பட்டு, அயோவா போகும் வழியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, 1876 ஆகஸ்ட் 27-இல் ஃப்ரெடி இறந்துபோனான். ஒன்பது மாதம், இருபத்தாறு நாள். அவன் புதைத்த இடம் இன்றுவரை தெரியவில்லை.

புத்தகங்களில் அந்தக் குழந்தையே கிடையாது. அக்கா எழுதிய கதையில் தம்பி இல்லை. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளுக்கு எழுதிய புத்தகம். எழுத மனசு வரவில்லையோ என்னவோ. லாராவும் 1889-இல் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுச் சில நாட்களில் இழந்தவர்தான்.

அப்புறம் 1877-இல் அயோவாவில் கிரேஸ் பிறந்தாள். 1879-இல் மூத்தவள் மேரிக்குப் பார்வை போயிற்று. அதே வருடம் டக்கோட்டாவுக்குப் போனார்கள். டி ஸ்மெட் என்ற ஊரில் நிலம் கிடைத்து ஒருவழியாக நிலைத்தார்கள். சார்லஸ் 1902-இல் காலமானார். கேரொலின் கண் தெரியாத மகளோடு அதே ஊரில் வாழ்ந்து 1924 ஏப்ரல் 20-இல் இறந்தார். லாராவின் முதல் புத்தகம் வந்தது 1932-இல். தன்னைப் பற்றி உலகமே படிக்கப்போகிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். 1900-ஆம் வருடக் கணக்கெடுப்பில் பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எத்தனை குழந்தை பெற்றாய்? இப்போது எத்தனை உயிரோடு இருக்கிறது? கேரொலின் வீட்டு வாசலிலும் இதே கேள்விதான். அவர் சொல்ல வேண்டிய விடை: ஐந்து, நான்கு. ஐந்திலிருந்து நான்கைக் கழித்தால் ஒன்று. கதையில் இல்லாத ஃப்ரெடி அந்தக் கழித்தலில் இருக்கிறான். தப்பு எந்த ஸ்டேஷனில் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

டி ஸ்மெட் கல்லறைக்கு மகளோடு போனேன். சின்னக் குன்று, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. என் மகள் கேட்டாள்: "அப்பா, அப்பத்தாவுக்கு எத்தனை பாப்பா?" என் அப்பத்தாவைத்தான் அவளும் அப்பத்தா என்பாள். "நாலு" என்றேன். "எல்லாமேவா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் பிரசவத் தேதிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். என்னைத் தூக்கி வளர்த்தவரிடம் இதைக் கேட்டதே இல்லை.

ஊருக்கு வந்ததும் முதலில் காகிதத்தைத் தேடினேன். வேறென்ன, இன்ஜினியர் புத்தி! நிலப் பத்திரத்தில் அப்பத்தா வெறும் 'இன்னார் மனைவி'. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் வேறு எழுத்தில் ஒரு பெயர். இரண்டிலும் வயது பத்து வருடம் வித்தியாசம். நம் நாட்டிலும் 2001, 2011 கணக்கெடுப்புகளில் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். ஆனால் தனிநபர் தாள் ரகசியம். பேரன் பார்க்க முடியாது. அது நியாயமும்கூட. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன்.

உரல் நின்றது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எட்டுப் பெத்தேன்யா. நாலுதான் நிலைச்சுச்சு" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர் வைத்தது இரண்டு, வைக்காதது இரண்டு. மழையே இல்லாத வருஷம் ஒன்று போனது. மானாவாரிக் காட்டில் களை எடுக்கும்போது வலி வந்து பிறந்தது ஒன்று. மூத்தது பெண். இரண்டு வயது வரை இருந்து, அம்மை கண்டு போனாள். கிணற்றுக்குக் கிழக்கே வேப்பமரத்தடி. என் அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டிய மனுஷன். தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அந்த வேப்பமரத்தில்தான் சின்ன வயதில் ஊஞ்சல் கட்டி ஆடியதாகச் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

"ஏன் அப்பத்தா இத்தனை நாளா சொல்லலை?" என்றேன். "யாரு கேட்டா?" என்றார்.

கேரொலினுக்கு இன்று நேர் வாரிசு யாரும் கிடையாது. லாராவின் ஒரே மகள் ரோஸ் 1968-இல் இறந்ததோடு அந்தக் கிளை முடிந்தது. அப்படியும் முன்பின் தெரியாதவர்கள் அவருடைய குடும்பத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள். காரணம், பைபிளில் ஒரு கை எழுதியது, கணக்கெடுப்பில் ஒரு கை எழுதியது. நமக்கு அந்தக் காகிதம் குறைவு. ஆனால் திண்ணையில் ஆள் இருக்கிறார். அதுவும் எத்தனை நாளைக்கு?

மாணவச் செல்வங்களே, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பெயர், பிறந்த ஊர், அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், பெற்றது, இருப்பது. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். கணக்கு மூடவில்லையென்றால் நீங்களாகச் சரிக்கட்டாதீர்கள், திரும்பக் கேளுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் கேட்கலாம். என் வயது நண்பர்களுக்கும் அதேதான். போன் போட்டாவது கேளுங்கள்.

நான் எழுதிய நோட்டை மறுநாள் காலையில் அப்பத்தா கேட்டார். "எழுதிட்டியா? எங்கே, படி." எட்டையும் வரிசையாகப் படித்தேன். மூத்த பெண்ணின் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அதை இன்னொரு தடவை படிய்யா" என்றார்.

படித்தேன்.