நுரையும் நறுமணமும்

ஆடவர் நாள்தோறும் செய்யும் கருமங்களுள் முகச்சவரம் மிக எளியதொன்று எனக் கருதப்படுகின்றது. எளியதென்று கருதப்படுவதனாலேயே அதனைக் குறித்துச் சிந்திப்போர் சிலராகவே உளர். எனினும், கூரிய உருக்கு அலகொன்று மென்மையான தோலின்மீது நாள்தோறும் இழுக்கப்படுகின்றது. அலகுக்கும் தோலுக்கும் இடையே காவலாக நிற்பது சவர்க்கார நுரை ஒன்றுதான். அக்காவலைத் தக்கவாறு தெரிந்தெடுத்தல் எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

பழைய முறையிற் சவரம் செய்வோருக்குச் சவர்க்காரக் கட்டி, தூரிகை, வெந்நீர், கத்தி ஆகிய நான்கும் இன்றியமையாதன. இலண்டன் மாநகரில் 1730இல் தோன்றிய புளோரிஸ், 1790இல் தோன்றிய ஹாரிஸ், 1875இல் தோன்றிய திரம்பர் முதலிய வாசனைக் கடைகள் மரக்கிண்ணங்களில் இட்ட சவரச் சவர்க்காரங்களுக்குப் புகழ் பெற்றவை. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1948இல் தொடங்கிய புரொராசோ என்னும் பெயருடைய சவரப் பசை யூகலிப்டஸ், மென்தோல் ஆகியவற்றின் குளிர்ச்சியால் அந்நாட்டுச் சலூன்களெங்கும் பரவியது. அமெரிக்காவில் கில்லெற் என்பார் 1904இல் உரிமப் பத்திரம் பெற்ற பாதுகாப்புச் சவரக்கருவி, கத்தி தீட்டும் தொல்லையைப் போக்கிற்று. ஆனால், நுரையின் தேவையைப் போக்கவில்லை. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பொத்தானை அழுத்தியவுடன் நுரை பீறிடும் தகரக் குப்பிகள் கடைகளுக்கு வந்தன. அதன்பின் தூரிகையும் கிண்ணமும் மெல்ல மெல்லப் பின்னடைந்தன.

இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலாக அமெரிக்கா, பிரித்தானியா, இத்தாலி முதலிய நாடுகளில் அப்பழைய முறைக்கு மீண்டும் ஆதரவு பிறந்துள்ளது. தம் இல்லத்திலோ சிறு பட்டறையிலோ சிறுசிறு தொகுதிகளாகச் சவரச் சவர்க்காரம் காய்ச்சி விற்கும் கைவினைஞர் பலர் அங்கு தோன்றியுள்ளனர். ஒருவர் சந்தனம் சேர்க்கின்றார். ஒருவர் லவண்டர் சேர்க்கின்றார். மற்றொருவர் புகையிலை, தோல், கடற்காற்று ஆகியவற்றை நினைவூட்டும் கலவைகளை ஆக்குகின்றார். வாங்குவோரும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மணம் பிடித்ததாயின் அதனையே சிறந்ததென்று முடிவு கட்டி விடுகின்றனர். இவ்விடத்திலேதான் எச்சரிக்கை தேவை. மணமானது வாங்கத் தூண்டுவது. முகத்தைக் காப்பது நுரையே. ஆகவே, சோதனையில் முதலிடம் நுரைக்கும், இறுதியிடம் மணத்துக்கும் உரியன.

நுரையின் தன்மை சவர்க்காரம் ஆக்கப்படும் முறையினைப் பொறுத்தது. கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரீனும் இணைந்த பொருள் என்பதைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரோல் ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது அமிலங்கள் காரத்தோடு கூடிச் சவர்க்காரமாகின்றன. கிளிசரீன் பிரிந்து நிற்கின்றது. பெரிய ஆலைகள் பல அக்கிளிசரீனை வேறாக்கி விற்றுவிடுவதுண்டு. கைவினைஞர் அதனை உள்ளேயே விட்டுவிடுகின்றனர். ஈரத்தைப் பற்றி வைத்திருக்கும் இயல்பு அதற்கு உண்டாதலின், சவரம் முடிந்தபின் தோல் வறண்டு இழுபடுவது குறைகின்றது.

குளிக்கும் சவர்க்காரத்தையே சவரத்துக்கும் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் வினவலாம். நம் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் தேங்காயெண்ணெயின் சவர்க்காரம் விரைவாகவும் ஏராளமாகவும் நுரைக்கும். ஆனால், அந்நுரையின் குமிழிகள் பெரியவை. கன்னத்திற் பூசிய சிறிது நேரத்திலேயே உடைந்து அடங்கிவிடும். தோலின் இயற்கை நெய்யையும் கழுவிக் கொண்டு போகும். சவரத்துக்கு வேண்டியது கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழிகள் நெருங்கிய, நெடுநேரம் நிலைக்கும் நுரையாகும். அதனைத் தருவது ஸ்டியரிக் அமிலம். மாட்டுக்கொழுப்பு, கொக்கோ வெண்ணெய், ஆபிரிக்காவின் ஷியா வெண்ணெய் ஆகியவற்றில் அது மிகுதியாக உண்டு. தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. காரத்திலும் வேறுபாடு உண்டு. சோடியக் காரம் கட்டியை இறுக்கமாக்கும். பொற்றாசியக் காரம் அதனை மென்மையாக்கி நீரில் எளிதிற் கரையச் செய்யும். இரண்டையும் அளவறிந்து கலப்பதே கைவினைஞரின் திறமை. தேங்காயெண்ணெயை அவர்களும் முற்றாக விலக்குவதில்லை. நுரை விரைந்து எழுவதற்காகச் சிறிதளவு சேர்த்துக் கொள்கின்றனர்.

சவர்க்காரத்தின் கூட்டுப்பொருள்களை அறிவதில் மற்றொரு நன்மையும் உண்டு. சைவ உணவு கொள்ளும் குடும்பத்தவர் மாட்டுக்கொழுப்புச் சவர்க்காரத்தை விரும்பார். இஸ்லாமியப் பெருமக்கள் பன்றிக் கொழுப்பையும் பன்றிமயிர்த் தூரிகையையும் ஏற்கார். சிட்டையிற் சோடியம் ரலோவேற்று என்று பொறிக்கப்பட்டிருப்பின் அது விலங்குக் கொழுப்பால் ஆனதென்று கொள்ளலாம். தாவரக் கொழுப்புகளாலேயே மிகச் சிறந்த சவர்க்காரங்கள் இன்று ஆக்கப்படுகின்றன. செயற்கை இழைத் தூரிகைகளும் குறைந்த விலையிற் கிடைக்கின்றன. ஆதலின், கொள்கைக்காக முகத்தை வருத்திக்கொள்ள வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

தூரிகையைத் துப்புரவாக வைத்திருப்பதும் அற்ப விடயமன்று. முதலாம் உலகப்போர்க் காலத்திற் குதிரைமயிரால் ஆன, கிருமிநீக்கம் செய்யப்படாத மலிவான தூரிகைகள் மூலம் அந்திராக்ஸ் என்னும் கொடிய நோய் பரவி, போர்வீரரும் பொதுமக்களும் உயிரிழந்தனர். பிரித்தானிய அரசு 1920இல் யப்பானிலிருந்து சவரத் தூரிகைகளை இறக்குவதையே தடைசெய்தது. இந்நாளைய தூரிகைகளில் அத்தகைய அச்சம் இல்லை. எனினும், பயன்படுத்தியபின் நன்கு அலசி, நீரை உதறி, காற்றுப்படும் இடத்தில் உலரவிடுவது நற்பழக்கம்.

இனி, சோதனையிற் பலரும் மறந்துவிடும் பொருளொன்று உண்டு. அது நீர். ஒரே சவர்க்காரம் ஓரூரில் ஆடைத்தயிர் போல நுரைப்பதும், வேறோரூரில் வெறும் பிசுபிசுப்பாக மாறுவதும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி வருவது. ஆதலின் அது வன்னீர். அதிலுள்ள கல்சியம், மகனீசியம் ஆகியவை சவர்க்காரத்தோடு கூடி, நீரிற் கரையாத வெண்கசடாக மாறுகின்றன. நுரையாக வேண்டிய சவர்க்காரத்தின் ஒரு பகுதி இவ்வாறு வீணாகின்றது. கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதைக் காணும் இல்லத்தவர், தம் நீர் எத்தகையதென்பதை உடனே அறிந்துகொள்ளலாம். அந்நீரை நன்கு கொதிக்க வைத்துத் தெளியவிட்டால் வன்மையின் ஒரு பகுதி அடியிற் படிந்துவிடும். சேகரித்து வைத்த மழைநீரோ இயல்பாகவே மென்னீர். ஒரு கோப்பை மழைநீரைக் கொண்டு அதே சவர்க்காரத்தை மறுமுறை நுரைத்துப் பார்த்தபின்னரே அதன் தரத்தைத் தீர்மானிப்பது நீதியாகும். நீரின் குற்றத்தைச் சவர்க்காரத்தின்மேற் சுமத்துதல் கூடாது.

சோதிக்கும் முறை பின்வருமாறு. புதிய சவர்க்காரத்தை முதலில் முகத்திற் பூசலாகாது. முழங்கையின் உட்புறத்தில் அதன் நுரையைச் சிறிது தடவி, சில நிமிடங்களின்பின் கழுவி, மறுநாள் வரை பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ தோன்றின் அதனை விலக்குதல் நன்று. தோல் அதனை ஏற்றுக்கொண்டால், முகத்தை வெந்நீராற் கழுவி இரண்டு மூன்று நிமிடம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். உரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை உறிஞ்சி மென்மையாகும். உலர்ந்த உரோமத்தை அறுப்பதிலும் ஈர உரோமத்தை அறுப்பது அலகுக்கு மிக எளிது. பின்னர், நனைத்து உதறிய தூரிகையைக் கட்டியின்மீது அரை நிமிடம் சுழற்றிச் சவர்க்காரத்தை ஏற்றி, கிண்ணத்தில் இட்டுக் கடைய வேண்டும். நீரைத் துளித்துளியாகவே சேர்த்தல் வேண்டும். நீர் குறைந்தால் நுரை பசைபோல் உலரும். மிகுந்தால் குமிழிகள் பெருத்து வழியும். இரண்டுக்கும் இடையே, பளபளப்போடு, தூரிகையின் நுனியில் வளைந்து நிற்கும் பதமே உரிய பதம்.

சவரத்தின்போது மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதலாவது, அலகு வழுக்கிச் செல்கின்றதா, அன்றி இடறுகின்றதா? நுரையை வழித்தெடுத்த இடத்தில் அலகு மறுமுறை செல்லும்போதும் வழுக்குமாயின் அச்சவர்க்காரம் சிறந்தது. இரண்டாவது, நுரை சவரம் முடியும்வரை நிலைக்கின்றதா? மூன்றாவது, கழுவியபின் தோல் எவ்வாறு உள்ளது? இம்மூன்றாம் வினாவுக்கு விடைகூற நம் முன்னோர் அறிந்த படிகாரமே போதும். ஈரமான படிகாரக் கட்டியை முகத்தில் தடவினால், அலகு தோலைச் சுரண்டிய இடங்களெல்லாம் எரிந்து காட்டிக்கொடுக்கும். காயமில்லாத இடத்திற் குளிர்ச்சியே தோன்றும். கண்ணாடி காட்டாத குற்றத்தையும் படிகாரம் காட்டிவிடும். இச்சோதனையை ஒருநாள் மட்டும் செய்து தீர்ப்பளித்தல் ஆகாது. அதே கத்தி, அதே வகை அலகு, அதே நீர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வாரமேனும் ஒரே சவர்க்காரத்தைப் பயன்படுத்த வேண்டும். ஒருங்கே பலவற்றை மாற்றுவோர் எதனால் நன்மை விளைந்தது, எதனால் தீமை விளைந்தது என்பதை ஒருபோதும் அறியார்.

இத்தேர்வுகளில் வென்ற சவர்க்காரத்துக்கு இறுதியாக மணத்தேர்வு வைக்கலாம். சலூன் மணம் என்று மேனாட்டார் போற்றுவது பெரும்பாலும் லவண்டர், ஓக் மரத்துப் பாசி, கூமரின் ஆகிய மூன்றின் கூட்டாகும். கூமரினை ஆங்கில அறிஞர் பேர்க்கின் 1868இற் செயற்கையாக ஆக்கினார். அதனைக் கொண்டு பாரிசு நகரத்து ஊபிகான் நிறுவனம் 1882இல் வெளியிட்ட வாசனைத் திரவியமே இக்கூட்டுக்கு வழிகாட்டியது. தேசிக்காய், தோடை முதலியவற்றின் மணம் இனியதாயினும் விரைவிற் கலையும். சந்தனமும் வெட்டிவேரும் நின்று கமழும். கட்டியை முகரும்போது தோன்றும் மணமும் வெந்நீரில் நுரைக்கும்போது எழும் மணமும் ஒன்றல்ல. ஆதலின் நுரையின் மணமே கணக்கிற் கொள்ளத்தக்கது.

இயற்கையான மணமெல்லாம் தீங்கற்றது என்று எண்ணுதல் தவறு. இலங்கைக்குப் புகழ் தேடித்தந்த கறுவாப்பட்டையின் எண்ணெய் தோலை உறுத்தி ஒவ்வாமையை விளைக்கவல்லது. கறுவா இலையெண்ணெயிலும் கராம்பெண்ணெயிலும் மிகுந்துள்ள யூஜினோலும் சிலருக்கு ஆகாது. பிழிந்தெடுத்த தேசிக்காய்த் தோலெண்ணெய் முகத்தில் தங்கியிருக்க வெயில் பட்டால் தோல் கன்றிக் கருமை படியலாம். ஆதலின் அம்மணமுள்ள நுரையை நன்கு கழுவியே வெளிச்செல்ல வேண்டும். ஒவ்வாமை விளைக்கக்கூடிய 26 வாசனைப் பொருள்களைச் சிட்டையிற் குறிப்பிடல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது. 2023இல் அப்பட்டியல் மேலும் விரிவாக்கப்பட்டது. நேர்மையான கைவினைஞர் இவற்றை மறைப்பதில்லை. வாசனை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் சிட்டையை ஐயத்தோடு நோக்குதல் தகும்.

இல்லத்திலேயே சவர்க்காரம் காய்ச்ச விழையும் இளைஞருக்கும் ஒரு சொல். காரம் கண்ணையும் தோலையும் எரிக்கும் பொருள். அதனை நீரில் இடவேண்டுமேயன்றி, அதன்மீது நீரை ஊற்றலாகாது. கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிய வேண்டும். அலுமினியப் பாத்திரம் உதவாது. கொழுப்புக்கு ஏற்ற காரத்தின் அளவைக் கணித்து, நிறுத்தே சேர்த்தல் வேண்டும். கண்ணளவாற் சேர்த்த காரம் எஞ்சி நின்றால், எத்துணை நறுமணம் ஊட்டினும் அச்சவர்க்காரம் முகத்தை எரிக்கவே செய்யும். தேர்ந்த கைவினைஞர் கொழுப்பிற் சிறு பங்கு காரத்தோடு சேராது எஞ்சும்படி கணக்கிடுவது இவ்வபாயத்தை நீக்குவதற்கேயாகும்.

கைவினைச் சவர்க்காரத்தின் விலை சற்று மிகுதிதான். ஆயினும், நன்கு காய்ச்சிய ஒரு கட்டி பல மாதங்களுக்கு வரும். எறியப்படும் தகரக் குப்பிகளும் குறையும். விலை கொடுத்து வாங்குவோர் மணத்துக்கு மயங்காது தரத்தைக் கேட்பாராயின், ஆக்குவோரும் மணத்தைக் கூட்டுவதை விடுத்துத் தரத்தைக் கூட்ட முற்படுவர். ஒரு கைத்தொழில் செழிப்பதும் சீரழிவதும் அதனைச் செய்வோர் கையில் மட்டும் இல்லை. வாங்குவோரின் அறிவிலும் உண்டு. மணம் முகத்தைக் கழுவியவுடன் நீரோடு போய்விடும். நல்ல நுரை காத்த தோல் நாள் முழுவதும் முகத்தோடு இருக்கும்.