கடையில் பேசிய போன் வீட்டில் பேசவில்லை, ஏன்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



எப்போதும் சேமிப்பு, தவணை என்று பேசுகிற நான் இன்றைக்கு செல்போனைப் பற்றிப் பேசப் போகிறேன். இதுவும் கடன் சம்பந்தப்பட்டதுதான். நம் உறுப்பினர் ஒருவர் போன் வாங்க 8,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். டவுன் கடையில் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய போன். "லாக் எடுத்தாச்சும்மா, எந்த சிம்மும் போடலாம்" என்றாராம் கடைக்காரர். அங்கேயே பேசிப் பார்த்தார், நன்றாகக் கேட்டது. வீட்டுக்கு வந்தால் ஒரு கோடு சிக்னல் இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தால்தான் வங்கியின் ஓ.டி.பி. வருது. பக்கத்து வீட்டு அக்காவிடமும் அதே கம்பெனி சிம்தான். அதே திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசுறார்!

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. லாக் எடுத்த போன்தான். ஆனால் லாக் வேறு, அலைவரிசை வேறு. இதைத்தான் நாம் புரிஞ்சுக்கணும்.

லாக் என்பது கம்பெனி போடுகிற பூட்டு. 2023-ல் 999 ரூபாய்க்கு ஜியோ பாரத் போன் வந்ததே, அதில் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். அமெரிக்காவிலும் கம்பெனிகள் இப்படிப் பூட்டி விற்பார்கள். பூட்டைத் திறந்தால் வேறு சிம்மை ஏற்கும், அவ்வளவுதான்.

அலைவரிசை அப்படி இல்லை. மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோவில் எப்படித் திருகினாலும் எஃப்.எம். வருமா? உள்ளே அந்தக் கருவியே கிடையாது. போனும் அப்படித்தான். எந்தெந்த அலைவரிசை பிடிக்கும் என்பது தயாரிக்கும்போதே முடிவாகி விடுகிறது. அதைத்தான் பேண்ட் என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுது, அதாவது பேண்ட் 5, 3, 40. பி.எஸ்.என்.எல். 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய 4ஜி-க்கு 700-ம் 2100-ம் முக்கியம், அதாவது பேண்ட் 28, 1. அமெரிக்காவுக்கென்று செய்த பல போன்களில் 40-ம் இருக்காது, 28-ம் இருக்காது. நம்ம நாட்டிலேயே விற்ற சில பழைய 4ஜி போன்களிலும் 28 கிடையாது.

சரி, கடையில் மட்டும் எப்படிப் பேசியது? 700, 850 மாதிரி சின்ன எண் அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டியும் உள்ளே வரும். அதனால் கிராமத்துக்கு அதுதான் தோது. பெரிய எண் ஒரே நேரத்தில் நிறையப் பேரைத் தாங்கும், ஆனால் தூரம் போகாது. டவுனில் பக்கத்துப் பக்கத்தில் டவர், எல்லா அலைவரிசையும் கிடைக்கும். அந்த உறுப்பினரின் ஊர் டவரில் இருந்தது 700 மட்டும். அவர் போனில் இல்லாததும் அதுதான்.

இன்னொரு சிக்கல். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகத்தான் போகும், வோல்ட்டி என்பார்கள். அந்த வசதி நம்ம கம்பெனிக்கு ஒத்து வராத போனில் படம் ஓடும், கால் போகாது. அமெரிக்காவில் விற்கிற ஐபோனில் 14-ம் மாடல் (2022) முதல் சிம் போடும் இடமே இல்லை! நம்ம சொந்தக்காரர் ஆசையாகக் கொண்டு வந்து கொடுத்தால் நாம் முழிக்க வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்? போனில் செட்டிங்ஸில் அபவுட் போன் என்ற இடத்தில் மாடல் நம்பர் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு நம்பர் மாறும். சாம்சங் போனில் நம்பரின் கடைசியில் யு அல்லது யு1 என்றிருந்தால் அமெரிக்காவுக்குச் செய்தது. காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் அந்த நம்பரைக் கொடுத்து, என்னென்ன பேண்ட் என்று இன்டர்நெட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். போனின் கம்பெனியும் மாடலும் பதிலில் வரும். தடை செய்தது என்று வந்தால் தொடவே வேண்டாம், திருட்டுப் போனாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் விட, முழுப் பணத்தையும் கடையிலேயே கொடுத்து விடாதீர்கள். கொஞ்சம் முன்பணம் கொடுத்து ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். அடுப்படியில் நின்று பேசிப் பாருங்கள். நம்ம போன் தேவை அங்கேதானே! ஒத்து வராவிட்டால் திருப்பித் தருவேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த உறுப்பினருக்குப் பணம் திரும்பி வரவில்லை. வேறு கம்பெனி சிம்முக்கு நம்பரை மாற்றிக்கொண்டார், இப்போது வீட்டுக்குள் சிக்னல் வருது. இன்னும் 3 தவணை பாக்கி. போன் வாங்க உள்கடன் கேட்டு தீர்மானப் புத்தகத்தில் இந்த மாதம் 4 பேர் பெயர் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்த 4 பேரும் என்னைப் பாருங்கள். என்ன மாடல், உங்க ஊரில் எந்த டவர் என்று சேர்ந்தே பார்த்து விடுவோம்.