நடுக்குரலின் பெருமை
(யூபிலி விழாவில் பாடகர் குழுவின் சார்பாக ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் எல்லோரும் வயலின்தான் வேண்டும் என்கிறார்கள். பாடினாலும் மேல்குரலே கேட்கிறார்கள். நடுக்குரல் பாடிவந்த பெரியவர்களோ தளர்ந்துவிட்டனர். ஆகவே இன்று வயோலாவைப் பற்றிச் சொல்ல விழைகிறோம்.

வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது. ஐந்து சுர அளவு தாழ்ந்த குரலுடையது. பெரிய வாத்தியக் குழுவில் மேலே வயலினுக்கும் கீழே செல்லோவுக்கும் நடுவே நின்று இசையை நிரப்புவது அதுவே.

‘இது பிழைப்புக்கு உதவுமா?’ என்று பெற்றோர் கேட்கலாம். இறைச்சிக் கடைக்காரரின் மகனான துவோர்ஷாக், 1862 முதல் 1871 வரை பிராக் நகர நாடக அரங்கில் வயோலா வாசித்தே பிழைத்தார். 1874 முதல் மூன்றாண்டுகள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். உலகப் புகழ் அதன்பின்பே வந்தது.

நம் நாட்டிலோ, 1930-இல் பிறந்த பாலமுரளிகிருஷ்ணா, பாடகராகப் புகழ்பெற்றும் பிறருக்குப் பக்கவாத்தியமாக வயோலா வாசித்தார். வானொலியில் பணியாற்றினார், விஜயவாடா இசைக் கல்லூரியின் முதல் முதல்வரானார், 1967-இல் ‘பக்த பிரகலாதா’ படத்தில் நாரதராக நடித்தார். 2016-இல் சென்னையில் மறைந்தார். பிறர் பாடத் தாம் துணைநிற்பதை அவர் குறைவாக எண்ணவில்லை.

மரக்காணத்தாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? நம் பாத்தியில் விளையும் உப்பு சோற்றில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லையென்றால் நாக்கு சொல்லிவிடும். நடுக்குரலும் அப்படியே. அதற்கென இரண்டு மூன்று பிள்ளைகளையாவது அனுப்பித் தாருங்கள். இல்லையேல் நான்கு குரல் பாடல்கள் நம் தலைமுறையோடு நின்றுவிடும்.